கோழிக் குஞ்சுகளின் கொத்து வரிசை

முன்னுரை

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்குமிடத்துப் பறவையினத்தின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களைத் தருகின்றார். பெண்பாற் பெயர்களைக் கூறுமிடத்து, அளகு என்னும் பெயர் கோழிக்கும் கூகைக்குமே உரியது என வரையறுக்கின்றார். மனையைச் சுற்றித் திரியும் பறவையை நம் முன்னோர் எத்துணைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்கு இவை சான்றாகும். குறுந்தொகைப் புலவர் ஒருவர், குப்பை மேட்டில் நிகழும் கோழிச் சண்டையைத் தலைவியின் காதல் நோய்க்கு உவமையாக்கினார். அவ்வுவமையின் சிறப்பால் குப்பைக் கோழியார் என்பதே அவர்தம் பெயராயிற்று. ஏவிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இன்றித் தானே மூண்டு தானே ஓயும் சண்டை அது.

அரபு இலக்கியத்திலும் கோழிக்கு இடமுண்டு. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த அல்-ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில், சேவலின் மேன்மையைப் பேசுவாரும் நாயின் மேன்மையைப் பேசுவாரும் எதிரெதிர் நின்று வாதிடுவதாக நெடியதொரு பகுதியை அமைத்துள்ளார். விலங்குகளும் பறவைகளும் மனிதரைப் போன்றே சமுதாயங்களாக வாழ்கின்றன என்னும் உண்மையைத் திருக்குர்ஆனின் அல்-அன்ஆம் அத்தியாயம் (6:38) நமக்கு நினைவூட்டுகின்றது.

கோழிகளும் ஒரு சமுதாயம் எனில், அச்சமுதாயத்தின் ஒழுங்கு யாது? தானே மூளும் சண்டை தானே ஓய்வது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடையை மனித வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் எதனைக் கருதத் தவறுகின்றனர் என்பதும் இறுதியில் ஆராயப்பெறும்.

கண்டறிந்தவர்

கோழிக் கூட்டத்தின் ஒழுங்கை அறிவியல் முறையில் முதன்முதலாக விளக்கியவர் நார்வே நாட்டு விலங்கியலறிஞர் தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எப்பே (1894-1976). இவர் சிறுவராய் இருந்தபொழுதே வீட்டுக் கோழிகளை உற்றுநோக்கிக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது, எது எதற்கு அஞ்சி விலகுகிறது என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தார். அக்குறிப்புகளின் அடிப்படையில் அமைந்த அவருடைய ஆய்வு 1922-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘பெக்கிங் ஆர்டர்’ என இன்று எங்கும் வழங்கும் தொடர் அவ்வாய்விலிருந்து பிறந்ததே. தமிழில் இதனைக் ‘கொத்து வரிசை’ எனலாம்.

அவர் கண்ட உண்மை எளியது. ஒரு கூட்டத்தில் எந்த இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் ஒன்று கொத்தும். மற்றது திருப்பிக் கொத்தாமல் விலகும். இவ்வுறவு நாள்தோறும் மாறுவதில்லை. தீனிக்கும் தண்ணீருக்கும் உறங்கும் இடத்திற்கும் முந்தும் உரிமை, கொத்தும் கோழிக்கே உரியது. சிறிய கூட்டமாயின், முதற்கோழி அனைத்தையும் கொத்தும். இரண்டாங்கோழி முதற்கோழி தவிர ஏனையவற்றைக் கொத்தும். இவ்வாறே இறங்கிச் சென்று கடைக்கோழி எதனையும் கொத்தாது, எல்லாவற்றாலும் கொத்தப்படும். சிற்சில கூட்டங்களில் இவ்வரிசை வளைந்தும் செல்வதுண்டு. முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது மீண்டும் முதலாவதையும் கொத்துகின்ற முக்கோண உறவையும் ஷெல்டரப்-எப்பே கண்டு எழுதியுள்ளார்.

குஞ்சுப் பருவம்

இருபத்தொரு நாள் அடைகாத்தலின் பின் முட்டையை உடைத்து வெளிவரும் குஞ்சு, பிறந்த நாளிலேயே கொத்தத் தொடங்கிவிடுகின்றது. ஆனால், அது பிறரைக் கொத்துவதன்று; மண்ணிற் கிடக்கும் சிறு பொருள்களைக் கொத்தி, உண்ணத்தக்கது எது, தகாதது எது என அறியும் முயற்சியே அது. தாய்க்கோழி இரையைக் கண்டதும் தனிக்குரல் எழுப்பி, அதனை அலகால் எடுத்தும் கீழே விட்டும் காட்டிக் குஞ்சுகளுக்குக் கற்பிக்கின்றது. இப்பருவத்தில் குஞ்சுகளிடையே உயர்வுதாழ்வு இல்லை. தாயின் சிறகடியில் எல்லாம் ஒன்றே.

முதலிரு வாரங்களில் குஞ்சுகள் சிறகை விரித்துத் திடீரென ஓடுவதும் குதிப்பதுமாக விளையாடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அவ்விளையாட்டு, எதிரெதிர் நின்று கழுத்தை நீட்டி மார்போடு மார்பு மோதும் பொய்ச்சண்டையாக மாறுகின்றது. இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மோதிய குஞ்சுகள் அடுத்த நொடியே அருகருகே தீனி பொறுக்கும். இதனைக் கண்டு குஞ்சுகள் சண்டையிடுகின்றன என அஞ்சிப் பிரித்து வைப்பது தேவையற்றது.

காலம் செல்லச் செல்ல இவ்விளையாட்டு உண்மைச் சண்டையாகின்றது. கொத்துவது தலையையும் கொண்டையையும் நோக்கிச் செல்லும். கொத்துப்பட்ட குஞ்சு வலியை நினைவிற்கொண்டு, கொத்தியதைக் கண்டாலே விலகத் தொடங்கும். ஏறத்தாழ 6 முதல் 10 வாரங்களுக்குள் கொத்து வரிசை நிலைபெறுகின்றது. சேவற் குஞ்சுகளிடையே இது முந்தியும் பெட்டைக் குஞ்சுகளிடையே சற்றுப் பிந்தியும் அமையும். சேவல்கள் தமக்குள் ஒரு வரிசையையும் பெட்டைகள் தமக்குள் ஒரு வரிசையையும் வகுத்துக்கொள்கின்றன. ஆகவே, வளர்ந்த கூட்டத்தில் இரு வரிசைகள் உண்டு என்பது கருதத்தக்கது.

வரிசை உருவாகும் முறை

பெரிய உடலுடையதே முதலிடம் பெறும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆய்வுகள் இதனை முழுதும் ஏற்கவில்லை. முன்பின் அறியாத இரு கோழிகள் முதன்முறை சந்திக்கும்போது எது வெல்கின்றது என்பதை நிக்கோலஸ் கொலையாஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார். கொண்டையின் அளவும், இறகு உதிராத நிலையும் வெற்றிக்குப் பெரிதும் துணைபுரிவதையும், உடல் எடைக்கு அத்துணைப் பங்கு இல்லாமையையும் அவர் எடுத்துக்காட்டினார். கொண்டை ஆண்மைச் சுரப்பின் அளவைக் காட்டும் உறுப்பாகும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. சி. ஆலியும் அவர்தம் துணைவர்களும் தாழ்நிலைக் கோழிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் அச்சுரப்பினை ஊசி வழியே செலுத்தியபோது, அவை வரிசையில் மேலேறின. இவ்வாய்வு 1939-இல் வெளிவந்தது.

இவையன்றி அனுபவத்திற்கும் பங்குண்டு. வென்ற கோழி மீண்டும் வெல்லும் வாய்ப்பும், தோற்ற கோழி மீண்டும் தோற்கும் வாய்ப்பும் மிகுகின்றன. ஒரு கோழியின் இடம் அதன் பிறவி ஆற்றலால் மட்டும் முடிவாவதன்று. யாரோடு எப்பொழுது மோதியது என்னும் நிகழ்ச்சி வரிசையாலும் அமைகின்றது என அமெரிக்க அறிஞர் ஐவன் சேஸ் 1980-களில் விளக்கினார். ஒன்றை வென்ற கோழி, அருகில் நின்று பார்த்த மூன்றாவதன்மீதும் உடனே பாய்வதை அவர் கண்டார். இதனால் முக்கோண உறவுகள் அரிதாகி வரிசை நேராக அமைகின்றது.

பார்த்து நிற்கும் கோழி வெறுமனே நிற்பதில்லை. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை அழகுறக் காட்டுகின்றது. தன்னை வென்ற கோழியை ஒரு புதிய கோழி தோற்கடிப்பதைக் கண்ட பெட்டைகள், அப்புதிய கோழியோடு மோதத் துணியவில்லை. தன்னை வென்ற கோழியிடம் அப்புதிய கோழி தோற்றதைக் கண்ட பெட்டைகளோ அதனை எதிர்க்கும் துணிவு பெற்றன. ‘என்னை வென்றதையே இது வென்றது, ஆகவே, இது என்னையும் வெல்லும்’ என்னும் அனுமானத்தைப் போன்றதொரு ஆற்றல் கோழியிடமும் உண்டு என இதனால் அறிகின்றோம்.

முகமும் நினைவும்

பத்துக் கோழிகள் உள்ள கூட்டத்தில் 45 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் விலகவேண்டியது எது என்பது முடிவாகியிருத்தல் வேண்டும். ஒரு கோழி, தன்னையன்றி ஒன்பது முகங்களை அடையாளம் கண்டு, அவற்றுள் அஞ்சத்தக்கன எவை, அஞ்சத்தகாதன எவை என நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இவ்வடையாளம் பெரிதும் தலையிலும் கழுத்திலுமே உள்ளது. கொண்டையின் வடிவத்தையோ தலை, கழுத்துப் பகுதியின் தோற்றத்தையோ மாற்றிவிட்டால், பழகிய கூட்டமே அக்கோழியை அயலாகக் கருதிக் கொத்துகின்றது.

இந்நினைவுக்கு எல்லையுண்டு. நோயின் பொருட்டோ அடைகாக்கவோ பிரித்து வைத்த கோழியை இரண்டு மூன்று வாரங்கள் கழித்துச் சேர்த்தால், கூட்டம் அதனை மறந்திருக்கக் காணலாம். அது மீண்டும் தன் இடத்திற்காகப் போராடவேண்டி வருகின்றது. கூட்டம் மிகப் பெரிதானால் ஒவ்வொரு முகத்தையும் நினைவில் வைத்தல் இயலாது. நூற்றுக்கணக்கில் அடைபட்ட கூட்டங்களில் கோழிகள் ஒன்றையொன்று தனித்தனியே அறிவதற்கு மாறாக, கொண்டையின் அளவு போன்ற பொதுக் குறிகளைக் கொண்டு விலகுகின்றன எனவும், அங்குச் சண்டையிடும் வேகமே குறைந்துவிடுகின்றது எனவும் பிற்கால ஆய்வுகள் கருதுகின்றன.

வரிசையின் பயன்

ஷெல்டரப்-எப்பே தம் ஆய்விலிருந்து கொண்ட முடிவு கடுமையானது. கொடுங்கோன்மையே உயிருலகின் அடிப்படை எனவும், அது எல்லா உயிர்வாழ்விலும் இழையோடி நிற்பது எனவும் அவர் கருதினார். முதலில் கண்டவர் கூறிய முடிவாதலின் அது எங்கும் பரவிற்று. ஆயின், அவருக்குப் பின் வந்தோர் அவ்வரிசையை வேறு கோணத்தில் நோக்கினர்.

ஏ. எம். குல், டபிள்யூ. சி. ஆலி ஆகிய இருவரும் நிகழ்த்திய ஆய்வு 1944-இல் வெளிவந்தது. அவர்கள் சில கூட்டங்களைக் கலைக்காமல் விட்டு வைத்தனர். வேறு சில கூட்டங்களில் பழைய கோழிகளை அடிக்கடி எடுத்துவிட்டுப் புதியவற்றைச் சேர்த்து வரிசையைக் குலைத்துக்கொண்டே இருந்தனர். நிலைத்த கூட்டங்களில் கொத்துதல் குறைவாயிருந்தது. கோழிகள் மிகுதியாக உண்டன. உடல் எடையும் முட்டையீடும் சிறந்து விளங்கின. குலைக்கப்பட்ட கூட்டங்களிலோ கொத்துதல் மிகுந்து, உண்பதும் முட்டையிடுவதும் குன்றின.

இதன் பொருள் யாது? கொத்து வரிசை என்பது சண்டையின் பெயரன்று. சண்டை ஓய்ந்ததன் பெயர். வரிசை நிலைபெற்றபின் மேற்கோழி கழுத்தை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாலே கீழ்க்கோழி விலகிவிடுகின்றது, அலகுக்கு வேலையில்லை. குப்பைக் கோழியார் கண்ட சண்டை தானே ஓய்வதன் காரணம் இதுவே. ஒருமுறை முடிவானதை இரு கோழிகளும் நினைவில் வைத்து, மறுமுறை மோதாமல் விடுகின்றன. மிகுதியாகக் குருதி சிந்தும் கூட்டம், வரிசை உறுதியாக உள்ள கூட்டமன்று. வரிசை அமையாத கூட்டமோ, அமைந்தும் குலைக்கப்பட்ட கூட்டமோ ஆகும்.

கொத்துதல் இருவகை

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் இன்றியமையாதது. கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதெல்லாம் கொத்து வரிசையின் பாற்பட்டதன்று. இடத்திற்காகக் கொத்துவது தலையை நோக்கியது, விரைவானது, விலகியதும் நின்றுவிடுவது. இதற்கு மாறாக, முதுகு, வால், ஆசனவாய்ப் பகுதி ஆகியவற்றின் இறகுகளைப் பிடுங்குவது வேறொரு தீயபழக்கம். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 1980-களில் ஆராய்ந்து, இது சினத்தால் விளைவதன்று. மண்ணைக் கிளறி இரை தேடும் இயல்பூக்கம் வழியின்றித் திசைமாறிப் பிற கோழியின் இறகின்மேற் பாய்வதே இது என விளக்கினர். கிளறுவதற்குக் கூளம் இல்லாமை, இடநெருக்கடி, மிகுந்த ஒளி, தீனியில் புரதக் குறைபாடு ஆகியன இதனைத் தூண்டும். குருதி கசிந்தால் அச்செந்நிறம் ஏனையவற்றையும் ஈர்த்துக் கொத்தச் செய்யும். இதுவே இறப்பில் முடிவதுண்டு.

ஆகவே, பண்ணையில் குஞ்சுகள் இறகிழந்து குருதியோடு கிடக்கக் கண்டு, ‘வலியது எளியதைக் கொத்துவது இயற்கைதானே’ என வாளாவிருத்தல் பிழை. அஃது இயற்கையின் வரிசையன்று. வளர்ப்பவர் அமைத்த சூழலின் குறை.

வளர்ப்போர் கவனத்திற்கு

கொத்து வரிசையை ஒழித்தல் இயலாது. அதன் துன்பத்தைக் குறைத்தல் இயலும். தீனித் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே இடத்தில் அமைந்தால் மேற்கோழி ஒன்றே அவற்றைக் காத்து நிற்கும். கடைக்கோழி பட்டினி கிடக்கும். அவற்றை இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் கடைக்கோழியும் உண்ணும். ஏறி அமரும் கழிகளும் ஒதுங்கி மறையும் இடங்களும் இருத்தல் வேண்டும். விலகுவதற்கு இடமில்லாத கூட்டில் விலகுதல் என்னும் பணிவுக்கே பொருளில்லாமற் போகும்.

புதிய கோழியைத் தனியே கூட்டத்தில் விடுதல் கூடாது. கம்பி வலைக்கு அப்பால் சில நாள் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகச் செய்தபின், இரண்டு மூன்றாகச் சேர்த்தல் நன்று. அகவையில் இளைய குஞ்சுகளை வளர்ந்த கோழிகளோடு கலத்தல் தீது. காயம்பட்டதை உடனே பிரித்து மருந்திடல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அமைந்த கூட்டத்தைக் காரணமின்றி அடிக்கடி கலைத்தல் தகாது.

கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

மிகுதியாக முட்டையிடும் தனிக்கோழியைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வதே பண்ணை வழக்கம். ஆனால், தன் கூட்டாளிகளைக் கொத்தி ஒடுக்கி, அவற்றின் தீனியையும் தான் உண்டு முட்டையிடும் கோழியும் இத்தேர்வில் முதலிடம் பெற்றுவிடும். அதன் சந்ததியை ஒரே கூண்டில் அடைத்தால் விளைவு யாது?

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக அறிஞர் வில்லியம் மியூர் இதனை மாற்றிச் செய்து பார்த்தார். ஒரு குடும்பத்துக் கோழிகளை ஒரே கூண்டில் அலகு வெட்டாமல் வளர்த்து, தனிக்கோழியின் திறத்தைக் கொள்ளாமல், கூண்டு முழுவதன் திறத்தைக் கொண்டு தேர்ந்தெடுத்தார். 1996-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 விழுக்காடாக இருந்த இறப்பு, நான்காம் தலைமுறையில் 8.8 விழுக்காடாகக் குறைந்தது. கோழிகள் அமைதியாக வாழ்ந்தன. முட்டை ஈட்டமும் உயர்ந்தது. பிறரை ஒடுக்கி உயரும் ஒன்றைத் தேர்வதைவிட, ஒன்றாக வாழத் தெரிந்த கூட்டத்தைத் தேர்வதே பயன் மிகுதியும் தரும் என்பது இதனால் புலனாயிற்று.

மனிதருக்கு ஒப்புமையாகுமா?

கோழிக் கூட்டத்திலிருந்து பிறந்த இத்தொடர் இன்று அலுவலகத்தையும் அரசியலையும் கல்விக் கூடத்தையும் குறிக்க வழங்குகின்றது. ‘மூத்தவர் இளையவரை அடக்குவது இயற்கை, கோழிகூட அதைத்தான் செய்கிறது’ என்பாரும் உளர். மாணவர் விடுதிகளில் ‘ராகிங்’ என்னும் கொடுமைக்கும் இத்தகைய நியாயமே கற்பிக்கப்படுகின்றது. அதனைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 1997-இல் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பதை நாம் அறிவோம்.

இந்நியாயம் கோழிக்கும் பொருந்தாது, மனிதருக்கும் பொருந்தாது. கோழி புதியதைக் கொத்துவது, அதனை அறியாமையால். ஒன்றையொன்று அறிந்துகொள்ள அதற்கு அலகன்றி வேறு வழியில்லை. அறிந்தபின் கொத்துதல் குறைந்துவிடுகின்றது. மனிதருக்கோ அறிமுகத்திற்கு மொழியுண்டு. அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் ஸலாம் உரைத்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறந்த பண்பாகக் கற்பித்தார்கள். அயலாரை எதிர்கொள்ளும் மனித முறை அதுவே. மேலும், கோழிக் கூட்டத்தில் முதற்கோழிக்கு உரிமையுண்டு; கடமையில்லை. மனித சமுதாயத்தில் மூப்பு என்பது பொறுப்பு. பெரியோரை மதித்தல் இளையோர் கடனாயின், இளையோரிடம் இரக்கம் காட்டுதல் பெரியோர் கடனாகும். இவ்விரண்டையும் நபிமொழி ஒருசேரவே வலியுறுத்துகின்றது. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பேசுதல் நேர்மையன்று.

நிறைவுரை

கொத்து வரிசை குஞ்சுகளின் விளையாட்டில் தொடங்கி, மோதலில் வளர்ந்து, நினைவில் நிலைபெறுகின்றது. அது நிலைபெற்ற இடத்தில் அமைதி உண்டு. குலைந்த இடத்தில் குருதி உண்டு. விலகுவதற்கு இடமும் உண்பதற்கு வாய்ப்பும் கடைக்கோழிக்கும் கிடைக்கும் அளவே ஒரு கூட்டத்தின் நலத்தைக் காட்டும். முதற்கோழியின் கொழுமையைப் பார்த்து ஒரு பண்ணையை மதிப்பிடுதல் ஆகாது. கடைக்கோழியின் இறகைப் பார்த்தே மதிப்பிடல் வேண்டும்.

கொம்பில்லாத ஆட்டுக்கும் கொம்புள்ள ஆட்டிடமிருந்து மறுமை நாளில் நியாயம் பெற்றுத் தரப்படும் என்பது நபிமொழி. ஊமை உயிர்களிடையேயும் நீதி கணக்கெடுக்கப்படுமாயின், கூட்டை அமைத்தவரும் கூட்டத்தை நடத்துபவரும் தத்தம் கடைக்கோழியைப் பற்றி இன்றே எண்ணிப் பார்த்தல் கடனாகும்.